ட்ரேயைத் தாண்டிய புழுக்கை: ஜோடி முயல் வளர்ப்போர் அறிய வேண்டியவை

முயலை வீட்டுக்குள் வளர்க்க முடிவதற்கு முக்கியக் காரணம் அதன் சுத்தம். ஒரு மூலையைத் தேர்ந்துகொண்டு சிறுநீர் கழிக்கத் திரும்பத் திரும்ப அங்கேயே போவது அதன் இயல்பு. அந்த மூலையில் லிட்டர் ட்ரேயை வைத்துவிட்டால் பழக்கும் வேலை பாதி முடிந்த மாதிரி. ஒன்றோடொன்று இணங்கிப்போன ஜோடி என்றால் இரண்டும் ஒரே ட்ரேயில் அக்கம்பக்கமாக உட்கார்ந்து புல் மென்றுகொண்டே காரியத்தை முடித்துவிடும்.

இப்படி ஒழுங்காக இருந்த ஜோடி ஒருநாள் சோபாவில் சிறுநீர் கழிக்கும். கூடம் முழுக்கப் புழுக்கை இறைந்து கிடக்கும். உடனே வீட்டில் தீர்ப்பு வந்துவிடுகிறது: “திமிர் பிடிச்சுப்போச்சு”, “நாம ஊருக்குப் போனதுக்குப் பழிவாங்குது”. அடுத்தது தண்டனை. கூண்டில் அடைப்பார்கள், ஜோடியைப் பிரிப்பார்கள், யாரிடமாவது தள்ளிவிடுவார்கள். எதுவும் நடக்காவிட்டால் பூங்காவிலோ காலி மனையிலோ விட்டுவிட்டு வருவார்கள். முதல் மூன்றும் சிக்கலைப் பெரிதாக்கும். கடைசியில் சொன்னது சட்டப்படி குற்றமாகக் கூடும்.

முயல் யாரையும் பழிவாங்குவதற்காக ட்ரேயை விட்டு வெளியே போவதில்லை. உடல்நோய், ஹார்மோன், ஜோடிக்குள் தகராறு, ட்ரேயின் குறை ஆகிய நான்கில் ஒன்றோ இரண்டோ காரணமாக இருக்கும். அதே வரிசையில் தேட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் வரிசை தலைகீழாகிவிடுகிறது: முதலில் ட்ரேயை மாற்றிப் பார்க்கிறோம், பிறகு முயலைத் திட்டுகிறோம், மருத்துவரிடம் கடைசியாகப் போகிறோம்.

துடைப்பதற்கு முன் பாருங்கள்

தரையில் கிடப்பதைத் துடைத்துவிட்டால் தடயம் போய்விடும். முதலில் செல்போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

உருண்டையான, உலர்ந்த புழுக்கைகள் பரவலாக இறைந்து கிடந்தால் அது பெரும்பாலும் எல்லைக் குறி. புது வீடு, புது சோபா, விருந்தாளி கொண்டுவந்த நாயின் வாசனை, ஜன்னலுக்கு வெளியே திரியும் பூனை என எது வந்தாலும் “இது எங்கள் இடம்” என்று அறிவிக்க முயல் இப்படிச் செய்யும். ஒரு சில புழுக்கைகள் ட்ரேக்கு வெளியே விழுவது எந்த முயலிடமும் முழுதாக நிற்காது. அதை நோயாக எண்ண வேண்டாம்.

சுவரிலோ நாற்காலிக் காலிலோ பீய்ச்சி அடித்த கோடாகச் சிறுநீர் இருந்தால் அது ஹார்மோன் வேலை. ட்ரேயின் விளிம்பை ஒட்டியே வெளிப்பக்கம் தேங்கியிருந்தால் முயல் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. விளிம்பு உயரமாக இருந்திருக்கும், அல்லது பின்புறம் வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கும். படுத்த இடத்திலேயே நனைந்திருந்தால், நடக்கும்போதே சொட்டினால், அது மருத்துவரின் வேலை.

திராட்சைக் கொத்துப் போன்ற மெதுவான, பளபளப்பான, வாடை அடிக்கும் புழுக்கை தனி ரகம். பெருங்குடல்வாயில் நொதித்து வரும் இதை முயல் ஆசனவாயிலிருந்து நேரடியாகவே எடுத்துத் தின்றுவிடும்; அதன் ஊட்டச்சத்தில் ஒரு பங்கு இப்படித்தான் கிடைக்கிறது. அது தரையில் நசுங்கிக் கிடந்தால் முயல் அதைத் தின்னவில்லை, அல்லது தின்ன முடியவில்லை என்று பொருள். பெல்லட் தீவனமும் பழமும் அதிகமாகியிருக்கலாம், உடல் பருத்தோ மூட்டு வலித்தோ குனிய முடியாமல் இருக்கலாம், பல்வலியாகவும் இருக்கலாம்.

ஜோடியில் மட்டும் வரும் கூடுதல் சிக்கல், இரண்டில் எது செய்தது என்பது. பழைய செல்போனை இரவில் வீடியோ எடுக்க வைத்தால் பல நேரம் விடை கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் ஒரே ஒரு இரவு, நடுவில் கம்பி வலைத் தடுப்பு வைத்து இரண்டையும் அக்கம்பக்கமாக விடலாம். ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் முடிய வேண்டும். வேறு வேறு அறையில் அடைக்கக் கூடாது.

உடம்பில் என்ன?

முயலின் சிறுநீர்ப் பாதைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மற்ற பாலூட்டிகள் சிறுநீர் வழியாக வெளியேற்றும் கால்சியம் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. முயல் 45 முதல் 60 விழுக்காடு வரை வெளியேற்றும். தீவனத்தில் உள்ள கால்சியத்தைத் தேவைக்கு மேலும் உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீரகம் வழியே கழிப்பதுதான் காரணம். அதனால் முயலின் சிறுநீர் சற்றுக் கலங்கலாக இருப்பது இயல்பு. சுண்ணாம்புக் குழம்பு போலக் கெட்டியாக வந்தாலோ, முயல் முக்கி முக்கிச் சிறிது சிறிதாகக் கழித்தாலோ, சிறுநீர்ப்பையில் கசடோ கல்லோ சேர்ந்திருக்கலாம். கழிக்கும்போது வலித்தால் முயல் வலியை ட்ரேயோடு முடிச்சுப்போட்டுவிடும். அப்புறம் ட்ரேயைக் கண்டாலே ஒதுங்கும்.

இங்கே தமிழ்நாட்டு வளர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. முயல் பண்ணைகளில் குதிரைமசால் நல்ல தீவனம் என்று பெயர் பெற்றது. குட்டி வளரவும் சினை முயலுக்கும் அது சரி. வீட்டில் வளரும் பெரிய முயலுக்கு அதுவே அன்றாட உணவானால் கால்சியம் கூடிவிடும். நாளெல்லாம் மெல்ல உலர்புல்லோ அருகம்புல் போன்ற புல் வகையோ, கூட அளவான கீரை, பெல்லட் ஒரு கைப்பிடிக்கும் குறைவாக, தண்ணீர் எப்போதும் அகலக் கிண்ணத்தில் என்று வைத்துக்கொள்வது நல்லது. குழாய்ப் புட்டியைவிடக் கிண்ணத்தில் முயல் தாராளமாகக் குடிக்கும். வெயில் காலத்தில் அது இன்னும் முக்கியம்.

சிவந்த சிறுநீரைப் பார்த்ததும் பதற வேண்டாம்; அதே சமயம் ஒதுக்கியும் விடாதீர்கள். முயலின் சிறுநீர் தாவர நிறமிகளால் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மாறும். சீராகச் சிவந்திருந்தால் அது நிறமியாக இருக்கலாம். கட்டியாகவோ திட்டுத்திட்டாகவோ இருந்தால் இரத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு சாதாரணச் சிறுநீர்ச் சோதனை உறுதிசெய்துவிடும். கருத்தடை செய்யாத பெண் முயலிடம் இரத்தம் வந்தால் கருப்பையைச் சோதிக்க வேண்டும். நான்கு வயதைக் கடந்த, கருத்தடை செய்யாத பெண் முயல்களில் 50 முதல் 80 விழுக்காடு வரை கருப்பைப் புற்றுநோய் வரக்கூடும் என்று கால்நடை மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

வயதான முயலுக்கு மூட்டுவாதம் வரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு வாழும் பிராணி இது; ஆறு வயதுக்கு மேல் உயர விளிம்பைத் தாண்டுவதே அதற்குப் பாடாகலாம். முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு இருப்பது போன்ற சதைத் திண்டு கிடையாது, ரோமம் மட்டுமே. கம்பித் தரையிலும் ஈரத்திலும் நின்று பாதம் புண்ணாகியிருந்தால் அது ட்ரேயில் ஏற மறுக்கும். தலை ஒருபக்கமாகச் சாய்ந்தாலோ, பின்னங்கால் தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்பாடின்றிக் கசிந்தாலோ மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும் என்செபலிட்டோசூன் என்ற ஒட்டுண்ணி காரணமாக இருக்கலாம். அதற்கு மருத்துவர் சொல்லும் மருந்தை வாரக்கணக்கில் விடாமல் தர வேண்டியிருக்கும்.

பின்வருவனவற்றில் எது இருந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்: பத்துப் பன்னிரண்டு மணி நேரமாகத் தின்னவில்லை அல்லது புழுக்கை போடவில்லை, முக்கியும் சிறுநீர் வரவில்லை, இரத்தம், தலைச்சாய்வு, நனைந்த பின்புறத்தில் ஈ மொய்க்கிறது அல்லது புழு தெரிகிறது. ஈரமான ரோமத்தில் ஈ முட்டையிட்டால், நம் வெக்கையில் ஒரே நாளுக்குள் புழு சதைக்குள் இறங்கிவிடும்.

கருத்தடை செய்யாத ஜோடி

நோய் இல்லை என்று தெரிந்தபின் ஹார்மோனைப் பாருங்கள். நான்கைந்து மாதத்தில் முயல் பருவத்துக்கு வருகிறது. அதுவரை சாதுவாக ட்ரேயில் போன குட்டி, அந்த வயதில் பீய்ச்சி அடிக்கத் தொடங்குவது எதிர்பார்க்க வேண்டியதே. பெண் முயல் பொய்ச்சினையில் தன் ரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டும், மூலையைக் காக்கும், ட்ரேக்குப் பக்கத்தில் ஜோடியை அண்டவிடாது.

கருத்தடை அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலான முயல்களிடம் பீய்ச்சுவது நின்றுவிடும் அல்லது வெகுவாகக் குறையும். மறுநாளே நிற்காது, ஹார்மோன் அடங்கச் சில வாரங்கள் ஆகும். ஜோடியில் இரண்டுக்கும் செய்ய வேண்டும். ஒன்றுக்கு மட்டும் செய்தால் மற்றது குறி வைக்க, அதற்கு மறுமொழியாக இதுவும் குறி வைக்கும். விதை நீக்கிய ஆண் முயலின் உடலில் நான்கு முதல் ஆறு வாரம் வரை விந்தணு மிச்சமிருக்கலாம். அதுவரை, கருத்தடை செய்யாத பெண்ணை வலைத் தடுப்புக்கு அப்பால் வைக்க வேண்டும். முயலின் சினைக்காலம் முப்பது நாளையொட்டியே. குட்டி ஈன்ற அன்றே மீண்டும் சினையாகும் திறனும் உண்டு. அசட்டையாக இருந்தால் ட்ரே சிக்கல், குட்டிகள் சிக்கலாக மாறிவிடும்.

இரண்டுக்கும் நடுவே

இணக்கமான ஜோடி என்பது நிரந்தரப் பத்திரம் அல்ல. நோய், இட மாற்றம், ஒன்றை மட்டும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த் திரும்புவது போன்றவை உறவை அசைத்துவிடும். மருத்துவமனை வாசனையோடு வந்த துணையை அந்நியன் என்று எண்ணி மற்றது பாய்வதுண்டு. அதனால் ஒன்றுக்குத்தான் வைத்தியம் என்றாலும் இரண்டையும் ஒரே கூடையில் கொண்டுபோவதே நல்லது. இரண்டையும் சோதிக்கவும் கேளுங்கள்; இரை விலங்கான முயல் நோயை மறைக்கும். தரையில் பார்த்த சிறுநீர் எதனுடையது என்ற நம் ஊகம் தவறாகவும் இருக்கலாம்.

ஆதிக்கம் செலுத்தும் முயல் ட்ரேயின் வாசலில் படுத்துக்கொண்டு மற்றதைத் துரத்துகிறதா என்று பாருங்கள். துரத்தப்பட்டது வேறு வழியின்றிக் கட்டிலடியில் போகும். வீட்டார் அதைக் குற்றவாளி என்பார்கள். தீர்வு எளிது: ஜோடிக்கு ஒரு ட்ரே போதாது, இரண்டாவது வேண்டும், இடம் இருந்தால் மூன்றாவதும். வெவ்வேறு மூலையில் வையுங்கள். உள்ளே நுழைந்தது முட்டுச்சந்தில் சிக்காமல் வெளியேற வழி இருக்கட்டும். ரோமம் பறக்கச் சண்டை, கடித்த காயம் என்று போனால் வலைத் தடுப்பு வைத்து, இரண்டுக்கும் பழக்கமில்லாத பொது இடத்தில் சிறிது சிறிதாக மறுபடி பழக்க வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகலாம்.

ட்ரேயைச் சரிசெய்வது

கடைகளில் முயலுக்கென்று விற்கும் முக்கோண மூலை ட்ரே, கையளவுக் குட்டிக்குத்தான் பொருந்தும். இங்கே செல்லப்பிராணியாக விற்கப்படும் வெள்ளை முயல்களில் பல, இறைச்சிக்காக வளர்க்கும் நியூசிலாந்து வெள்ளை, வெள்ளை ஜெயண்ட் வகைகளின் வழிவந்தவை. வளர்ந்தால் நான்கு கிலோவைத் தொடும். அப்படி இரண்டு ஒன்றாகத் திரும்பி உட்கார இரண்டடிக்கு ஒன்றரை அடியாவது வேண்டும். அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்றை வாங்கி, ஒருபக்க விளிம்பைத் தாழ வெட்டி, வெட்டிய ஓரத்தை மழமழப்பாக்கினால் போதும். மேலே கம்பி வலையோ ஓட்டைத் தட்டோ வேண்டாம்.

அடியில் செய்தித்தாள் அல்லது காகித உருண்டை, மேலே உலர்புல். முயல் தின்றுகொண்டே கழிக்கும் பிராணி. தின்னும் புல் ட்ரேயின் ஒரு முனையிலேயே இருந்தால் அது தானாக அங்கே வந்துவிடும். நனைந்தால் கட்டியாகும் பூனை மணல் ஆபத்து: முயல் அதைத் தின்று குடல் அடைத்துக்கொள்ளக் கூடும். பதப்படுத்தாத பைன், தேவதாரு மரச்சீவலிலிருந்து வரும் வாசனைப் பொருட்கள் கல்லீரலைப் பாதிக்கும்.

ட்ரேயைப் பளபளவென்று கழுவிவைப்பதும் தவறாகலாம். தினமும் நனைந்ததை அள்ளுங்கள். ஒரு துண்டு பழைய காகிதத்தை மட்டும் விட்டுவையுங்கள், வாசனை வழிகாட்டும். அம்மோனியா நெடி மூக்கில் ஏறும் அளவுக்கு விட்டால் முயலின் சுவாசப் பாதையும் கெடும், ஆஸ்துமா உள்ள வீட்டாருக்கும் ஆகாது. வெளியே விழுந்த புழுக்கையைப் பெருக்கி ட்ரேயிலேயே போடுங்கள். சிறுநீரைக் காகிதத்தில் ஒற்றி ட்ரேயில் வையுங்கள். தரையில் வெள்ளையாகப் படிந்த கறைக்கு வினிகரும் தண்ணீரும் போதும். பினாயில் வேண்டாம், அதன் நெடி முயலை விரட்டும், தரையை நக்கினால் நஞ்சு.

வெயில் காலத்தில் இன்னொன்றும் நடக்கும். பால்கனியில் ட்ரே கொதிக்கும். முயல் உள்ளே குளிர்ந்த டைல்ஸ் தரையை விட்டு நகராது. அப்போது ட்ரேதான் உள்ளே வர வேண்டும். முப்பது டிகிரிக்கு மேலான வெக்கை முயலுக்குத் தாங்காது.

மருந்துக் கடையில் எச்சரிக்கை

சிறுநீர்த் தொற்று என்று நீங்களே முடிவுசெய்து, வீட்டில் மிஞ்சிய அமாக்சிசிலின் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். வாய்வழி கொடுக்கும் பென்சிலின் வகை மருந்துகள் முயலின் குடல் நுண்ணுயிர்களைக் குலைத்து உயிரையே பறிக்கக் கூடும். நாய் உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்ப்ரேயும் முயலுக்கு விஷம். அறுவை சிகிச்சைக்கு முன் “ராத்திரி முழுக்கப் பட்டினி போடுங்கள்” என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். நாய், பூனைக்கு அது பொருந்தும். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதன் குடல் நின்றுபோவதுதான் பெரிய ஆபத்து. முயலுக்குச் சிகிச்சை செய்து அனுபவம் உண்டா, என்ன மயக்க மருந்து, வலிநிவாரணி உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையையும் அணுகலாம்.

வாங்கியவரின் உரிமை

ட்ரே சிக்கலின் வேர் சில நேரம் கடையிலேயே இருக்கிறது. “ரெண்டும் பொண்ணு சார்” என்று விற்ற ஜோடியில் ஒன்று ஆணாக இருக்கும். அல்லது தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டியாக, நோயோடு வந்திருக்கும்.

2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள் நாய், பூனையோடு முயலையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். ரசீது வாங்குங்கள், அதில் பாலினமும் வயதும் எழுதச் சொல்லுங்கள். காட்டில் பிடித்தது என்று யாராவது சாம்பல் பழுப்பு முயலைக் கொண்டுவந்தால் தொடாதீர்கள்: காட்டு முயல் வேறு இனம், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருப்பது.

சொன்னதற்கு மாறாக விற்றாலும், கட்டணம் வாங்கிக்கொண்டு சிகிச்சையில் அலட்சியம் காட்டினாலும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி உண்டு. முதலில் கடைக்கு அல்லது மருத்துவமனைக்கு எழுத்தில் கேளுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில், பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. ரசீது, மருந்துச் சீட்டு, சோதனை முடிவு, நீங்கள் எடுத்த படங்கள் இவைதான் உங்கள் பலம். மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரை மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்பலாம்.

முயலுக்கும் சட்டம் உண்டு

1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வருவதற்கு மாநிலங்களவையில் முன்கை எடுத்தவர் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, விலங்கை வைத்திருப்பவர் அதன் நலனுக்குப் பொறுப்பு என்கிறது. 11-ஆம் பிரிவின்படி, அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும், போதிய உணவும் தண்ணீரும் தராமல் விடுவதும், பட்டினியில் வாடும்படி கைவிடுவதும் குற்றம். “அசிங்கம் பண்ணுது” என்று முயலை ஒன்றரை அடிக் கூண்டில் வாழ்நாள் முழுக்க வைப்பவரும், வேலியோரம் விட்டுவிட்டு வருபவரும் இந்த வரிகளுக்குள் வரக்கூடும்.

முதல் முறை தவறுக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்தான். பல பத்தாண்டுகளுக்கு முந்தைய தொகை அப்படியே நிற்கிறது. தண்டனை சிறிது என்பதால் விளைவு சிறிதாகிவிடாது. வெள்ளை ரோமத்தோடு வெட்டவெளியில் விடப்படும் வீட்டு முயலுக்கு ஒளியவும் தெரியாது, இரை தேடவும் தெரியாது. தெருநாய்க்கும் பருந்துக்கும் தப்பாது. இப்படிக் கைவிடப்பட்டதையோ வதைக்கப்படுவதையோ பார்த்தால் காவல் நிலையத்திலும் மாவட்ட விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்திலும் புகார் கொடுக்கலாம். வளர்க்க முடியாத நிலை உண்மையிலேயே வந்துவிட்டால் ஜோடியைப் பிரிக்காமல் ஒரே வீட்டுக்குக் கொடுங்கள். வாங்குகிறவரிடம் ட்ரே சிக்கலை மறைக்காதீர்கள். மறைத்துக் கொடுத்த முயல் இன்னொரு கைக்கு மாறும், கடைசியில் அதே வேலியோரத்துக்குத்தான் போகும்.

இன்றே செய்ய

படம் எடுங்கள். எது, எங்கே, எத்தனை முறை என்று ஒரு வாரம் தேதியோடு குறித்துவையுங்கள். மருத்துவரிடம் போகும்போது இரண்டையும் கொண்டுபோங்கள். காலையில் கழித்த சிறுநீரைச் சுத்தமான சிறு புட்டியில் எடுத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் இரண்டாவது ட்ரேயை வாங்குங்கள். கருத்தடை ஆகவில்லை என்றால் அங்கேயே நாள் கேளுங்கள். இதில் எதற்கும் ஜோடியைப் பிரிக்க வேண்டிய அவசியமில்லை, கையை ஓங்கவும் தேவையில்லை.